கதவுக்கு வெளியே கேட்ட குரல்

1

எங்கள் வீட்டில் இரண்டாவதாக ஒரு குரல் கேட்டதாகப் பல்கலைக்கழகத்திலிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்து இந்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. நான் இங்கிலாந்தில் என்ன படிக்கிறேன், ஏன் திடீரென்று மட்டக்களப்புக்கு வந்து நின்றேன், வந்த வேகத்திலேயே ஏன் திரும்பினேன் என்று ஊரில் பலர் கேட்டார்கள். சிலர் கேட்ட விதத்தைப் பார்த்தால், பதிலை ஏற்கெனவே கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டார்கள் என்று தோன்றியது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

முதலில் படிப்பைப் பற்றி. ஃபிசிஷியன் அசோசியேட் என்று பெயர். மருத்துவரின் பொறுப்பின் கீழ் வேலை செய்யும் ஆள். நோயாளியிடம் நோயின் கதையைக் கேட்டு, உடலைச் சோதித்து, இன்னதாக இருக்கலாம் என்று யோசித்து மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். மருந்து எழுத முடியாது. மருத்துவருமில்லை, தாதியுமில்லை. ஊரில், கல்லடியில் இருக்கும் என் அக்கா மட்டும் தெரு முழுக்க "தங்கச்சி டொக்டருக்குப் படிக்கிறாள்" என்று சொல்லிவைத்திருந்தார். திருத்தித் திருத்திக் களைத்து விட்டுவிட்டேன்.

ஊரில் விஞ்ஞானப் பட்டம் எடுத்து, வாகரையில் சில வருடங்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள் நான். திருமணத்தோடு இங்கே வந்து, மருத்துவமனை ஒன்றில் இரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தேன். நாற்பது தாண்டியபின் மறுபடி படிக்கத் தைரியம் வந்ததற்குக் காரணம், இந்தப் படிப்பில் பாதி வீட்டிலிருந்தே படிக்கலாம் என்பதுதான். விரிவுரைகள் கணினியில் வரும். இடையிடையே ஒரு வாரம் வளாகத்துக்குப் போய்க் கையால் செய்து பழக வேண்டும். பிறகு மருத்துவமனைகளில் பயிற்சி.

என் கணவர் ரவியும் மட்டக்களப்புப் பக்கம், களுதாவளைக்காரர். இங்கே பஸ் ஓட்டுகிறார். நான் விண்ணப்பித்த நாளிலிருந்தே அவருக்கு இதில் நம்பிக்கையில்லை.

"கொம்பியூட்டரப் பாத்துப் படிச்சுப்போட்டு ஆளத் தொட்டுப் பாக்கிற வேலையா? இது என்னமோ கள்ளக் கொம்பனி மாதிரிக் கிடக்கு. நல்லா விசாரிச்சியா?"

விசாரித்திருந்தேன். ஆனாலும் அவர் கேட்டபின் இன்னொரு முறை விசாரித்தேன்.

மருத்துவமனையில் சந்தேகம் வேறு வகை. நோயாளி முதலில் என் முகத்தைப் பார்ப்பார், பிறகு கழுத்திலே தொங்கும் அட்டையைப் பார்ப்பார், பிறகு கதவைப் பார்ப்பார், உண்மையான மருத்துவர் பின்னால் வருகிறாரா என்று. இளம் மருத்துவர்கள் சிலர் நல்லவர்கள். சிலர் தங்கள் இடத்தைப் பிடிக்க வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். எங்கள் தொழிலின் பெயர் சரியா பிழையா என்று இந்த நாட்டுப் பத்திரிகைகளிலேயே சண்டை நடக்கிறது.

படிப்பும் சந்தேகப்படத்தான் கற்றுத்தருகிறது. எங்கள் விரிவுரையாளர் ஒருவர் அடிக்கடி சொல்வார்: "நெஞ்சு நோகிறது என்று வருபவருக்குப் பெரும்பாலும் வயிற்றுப் புளிப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் ஆளைக் கொல்லக்கூடியதை முதலில் சந்தேகி. அது இல்லை என்று கண்டபிறகு மற்றதை யோசி." வகுப்பில் மற்றவர்கள் இதை எழுதிக்கொண்டார்கள். எனக்கு எழுதத் தேவைப்படவில்லை.

2

அந்த மின்னஞ்சலுக்குக் காரணமான எழுத்துச் சோதனை ஒரு சனிக்கிழமை காலை. வீட்டிலிருந்தே, கணினியின் கமரா பார்த்துக்கொண்டிருக்க எழுத வேண்டும். தொடங்குமுன் கமராவைத் தூக்கி அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள். கூரை, மேசைக்கு அடி, அலுமாரிக்குப் பின்பக்கம். தலைமயிரை ஒதுக்கி இரண்டு காதையும் காட்டச் சொன்னார்கள். சட்டைக் கையை மடித்து மணிக்கட்டைக் காட்டினேன். தொலைபேசி அறையில் இருக்கக்கூடாது. சத்தத்தை நிறுத்திக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

ரவி வேலைக்குப் போய்விட்டார். மகள் ஆரணிக்குப் பதினாறு வயது. அவளை நூலகத்துக்கு அனுப்பினேன். "மத்தியானம் வரைக்கும் வராத, கதவு அடிச்சாலும் அவங்களுக்குக் கேக்கும்" என்று சொல்லித்தான் அனுப்பினேன். தமிழில் சொன்னேன். "ஓகே, ஓகே" என்றாள். அவளுக்குத் தமிழ் முழுக்க விளங்கும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். சின்ன வயதில் தமிழில்தான் பேசினாள். எந்த வருடம் நின்றது என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

கேள்விகள் கடினமாக இருந்தன. ஆனால் தெரிந்தவை. எழுதி முடித்து எழும்பியபோது உடம்பு இலேசாக இருந்தது.

அதற்குச் சில நாட்களின் பின் அந்த மின்னஞ்சல் வந்தது. சோதனை நேரத்தில் என் உதடுகள் பல தடவை அசைந்திருக்கின்றன. ஒரு கட்டத்தில் அறைக்குள்ளோ அறைக்கு அண்மையிலோ இன்னொருவரின் குரல், ஆங்கிலமல்லாத மொழியில், பதிவாகியிருக்கிறது. ஒலிப்பதிவு கூட்டத்தில் போட்டுக்காட்டப்படும். நான் வந்து விளக்கம் தர வேண்டும். முறைகேடு என்று தீர்ந்தால் படிப்பிலிருந்து நீக்கப்படலாம்.

உதடு அசைந்தது உண்மை. கேள்வியைத் தமிழில் முணுமுணுத்தால்தான் எனக்கு மண்டைக்குள் இறங்கும். ஆனால் இரண்டாவது குரல்? வீட்டில் ஒருவரும் இருக்கவில்லையே.

3

அன்று பின்னேரமே ரவியிடம் கேட்டேன்.

"சனிக்கிழம இடையில வீட்ட வந்தீங்களா?"

"பஸ்ஸ நடுத்தெருவில விட்டுப்போட்டா?"

ஆரணியிடம் கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், தான் நூலகத்தில் இருந்ததாக ஆங்கிலத்தில் சொன்னாள். கேள்வி முடியுமுன் பதில் வந்துவிட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை. நோயாளி ஒருவர் இப்படிப் பதில் சொன்னால் இன்னொரு முறை வேறு விதமாகக் கேட்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். கேட்டேன். எழும்பி மாடிக்குப் போய்விட்டாள்.

யோசித்துப் பார்த்தால் சோதனை நாளிலிருந்தே அவள் சரியில்லை. சாப்பாட்டு மேசையில் பேச்சில்லை. நான் அறைக்குள் போனால் தொலைபேசியைக் கவிழ்த்து வைப்பாள். என் தொலைபேசி அடித்தால் முதலில் அவள் தலை திரும்பும். ஆரோ ஒரு பையன் என்றே நினைத்தேன். அவனைத்தான் நான் சோதனையில் இருந்த நேரம் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். தமிழ்ப் பையன். குரல் அவனுடையது. கதை எனக்குள் முழுதாக அமைந்துவிட்டது. பையனின் முகம் மட்டும்தான் பாக்கி.

இன்னொன்றும் உறுத்தியது. அக்கா இப்போது வீடியோவில் வருவதில்லை. ஞாயிறுதோறும் முகம் பார்த்துப் பேசுகிறவர், கமரா பழுதென்றார், வெளிச்சமில்லையென்றார், மகனுடைய ஃபோன் என்றார். அம்மா அப்பா போனபின் எங்கள் இரண்டு பேருக்கும் மிஞ்சிய காணி வளவை அக்காதான் பார்த்துக்கொள்கிறார். அதில் ஏதோ கோபமாக்கும் என்று நினைத்தேன். கோபமென்றால் அக்கா சொல்லமாட்டார்.

அக்காவுக்கு மறைக்கத் தெரியும். சண்டைக் காலத்தில் ஒருநாள் எங்கள் பகுதியைச் சுற்றிவளைத்தார்கள். இராணுவம் தரும் பயணப் பாஸ் இல்லாமல் வாகரையிலிருந்து வந்திருந்த சித்தப்பா உள்ளறையில் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தார். வாசலில் நின்ற ஆமிக்காரன், வீட்டில் வேறு ஆர் என்று கொச்சைத் தமிழில் கேட்டான். அப்போது அக்காவுக்கு என் மகளின் வயதுதான். "ஒருத்தருமில்ல, சத்தியமா. தங்கச்சிக்குக் காய்ச்சல், வந்து பாருங்க" என்று சொல்லி வழியை விட்டு விலகி நின்றார். அவன் வரவில்லை. நான் அக்காவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு துளி அசையவில்லை.

கூட்டத்துக்கு முதல்நாள் ரவி சொன்னார்: "வகுப்பில ஆரோ உன்னில எரிச்சல்ல முறைப்பாடு குடுத்திரிக்கான். இல்லாட்டி உன்ர நிறத்தப் பாத்துத்தான் அந்த மெசின் மணி அடிச்சிரிக்கு. ஒருத்தரும் இருக்கல்ல எண்டு ஒரே பிடியா நில்லு."

நானும் அப்படித்தான் நிற்பதாக இருந்தேன்.

4

வளாகத்தில் ஒரு சின்ன அறை. நீள மேசைக்கு அந்தப்பக்கம் மூன்று பேர். நடுவில் நரைத்த பெண் ஒருவர், அவர்தான் தலைவர். ஒரு பக்கத்தில் சோதனைப் பிரிவைச் சேர்ந்தவர். மற்றப் பக்கத்தில் பேசுவதையெல்லாம் கணினியில் தட்டும் இளைஞர். தண்ணீர் வைத்திருந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். அந்த மரியாதை எனக்குப் பயத்தைக் கூட்டியது.

"அன்று வீட்டில் வேறு யாராவது இருந்தார்களா?" என்று தலைவர் கேட்டார்.

"ஒருவரும் இருக்கவில்லை."

"உறுதியாக?"

"உறுதியாக."

இளைஞர் தட்டிக்கொண்டார். சோதனைப் பிரிவுக்காரர் கணினியைத் திருப்பி ஒலியைக் கூட்டினார்.

முதலில் இரைச்சல். பிறகு என் நாற்காலி கிறீச்சிட்ட சத்தம். பிறகு கதவுக்கு வெளியே, படிக்கட்டுப் பக்கமிருந்து, அடக்கிய ஒரு பெண் குரல். தமிழ். திக்கித் திக்கி வந்த தமிழ். அன்று கேள்வியில் மூழ்கியிருந்த என் காதில் அது விழவேயில்லை.

"அழ வேணாம்... பயொப்சி என்ன சொல்லி இரிக்கு?... கான்சர்?... ஒப்பரேசன் செய்தா சரியாகும்... அம்மா எக்ஸாம் செய்யுறா... இல்ல, நான் சொல்லமாட்டன், பெரியம்மா. ப்ரொமிஸ்."

நான் உடனே அடையாளம் காணவில்லை. என் மகள் தமிழில் இத்தனை வசனம் பேசி நான் கேட்டுப் பல வருடங்கள். ஆரோ ஒரு சின்னப் பிள்ளை என்றுதான் முதலில் தோன்றியது. 'பெரியம்மா' என்ற சொல் வந்தபோதுதான் தெரிந்தது. பெரியம்மா என்று கூப்பிட அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார்.

"எங்களுக்குத் தமிழ் தெரியாது," என்றார் சோதனைப் பிரிவுக்காரர். "ஆனால் பயொப்சி, கான்சர், ஒப்பரேசன், எக்ஸாம். இந்தச் சொற்கள் எங்களுக்கும் விளங்குகின்றன. இந்தக் குரல் பதிவாகிக் கொஞ்ச நேரத்தில் நீங்கள் ஒரு கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறீர்கள். மார்பில் கட்டியோடு வரும் ஒரு பெண்ணைப் பற்றிய கேள்வி. பதில் சரியானது."

"இன்னொரு தடவை போடுங்கள்," என்றேன்.

போட்டார். 'அழ வேணாம்.' அக்கா அழுதிருக்கிறார். அப்பா போன அன்று எங்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றித் தந்துகொண்டு நின்ற அக்கா.

"இந்தக் குரல் யாருடையது என்று உங்களுக்குத் தெரியுமா?" என்றார் தலைவர்.

தெரியாது என்று சொல்லியிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பேன். பக்கத்து வீட்டுச் சத்தம் என்று வாதாடியிருக்கலாம்.

"என் மகள்."

"ஒருவரும் இருக்கவில்லை என்று இப்போதுதான் உறுதியாகச் சொன்னீர்கள்."

"அவள் வந்தது எனக்குத் தெரியாது. அவள் என்னோடு பேசவில்லை. என் அக்காவோடு பேசுகிறாள். என் அக்காவுக்குப் புற்றுநோய். இதைக் கேட்டுத்தான் எனக்கே தெரிகிறது."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். நோயாளி ஒருவர் மிகப் பொருத்தமான கதையொன்றைச் சொல்லும்போது நாங்கள் பார்க்கும் பார்வை.

"நான் வீட்டுக்கு ஒரு அழைப்பு எடுக்க வேண்டும்," என்று எழும்பினேன்.

"மன்னிக்க வேண்டும்," என்றார் தலைவர். "நீங்கள் உங்கள் மகளோடு பேசுமுன் நாங்கள் இதைச் சரிபார்க்க வேண்டும். உங்கள் மொழிபெயர்ப்பை மட்டும் வைத்து எங்களால் முடிவெடுக்க முடியாது."

அவர் சொன்னது நியாயம். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் அக்காவுக்கு எந்தப் பக்கம், எவ்வளவு பெரிது, எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று கேட்க முடியாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். புத்தகத்தில் படித்த அந்த நோயின் ஒவ்வொரு படியும் வரிசையாக வந்தது. கடைசிப்படி வரைக்கும் போய் வந்தேன்.

5

மருத்துவமனைகளில் செய்வதுபோல் தொலைபேசி வழியாக ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார்கள். பெண். சுத்தமான அலுவலகத் தமிழ். எந்த ஊர் என்று பிடிபடவில்லை. ஒலிப்பதிவை அவருக்குப் போட்டுக்காட்டினார்கள். அவர் வசனம் வசனமாக ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, இளைஞர் தட்டுவதை நிறுத்திவிட்டார்.

"இதில் யாராவது யாருக்காவது விடை சொல்லிக்கொடுப்பதாக இருக்கிறதா?" என்று கேட்டார் தலைவர்.

"இல்லை. நோயாளி ஒருவரை ஒரு பிள்ளை ஆறுதல்படுத்துகிறது. தாயிடம் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறது." அந்தப் பெண் திடீரென்று தமிழுக்கு மாறினார். "தங்கச்சி, மனச விட்டுராதீங்க. அக்காக்கு ஒண்டும் ஆகாது."

"இப்போது என்ன சொன்னீர்கள்?" என்றார் சோதனைப் பிரிவுக்காரர் சட்டென்று.

"ஒலிப்பதிவில் இல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டேன். மன்னிக்கவும்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அவர் தொடர்பைத் துண்டித்தார்.

முறைகேடு இல்லை என்று தீர்ந்தது. ஆனால் விதிப்படி இன்னொருவர் குரல் பதிவான சோதனை செல்லாது. அடுத்த மாதம் வளாகத்துக்கு வந்து, மேற்பார்வையில் மறுபடி எழுத வேண்டும். தலைவர் வாசல் வரை வந்து, அக்காவின் பெயர் என்ன என்று கேட்டார். கமலா என்றேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நடைபாதையில் நின்றே அக்காவுக்கு எடுத்தேன்.

"அக்கா, கான்சர் எண்டு எப்ப தெரியும்?"

"ஆரு சொன்ன? அந்தப் புள்ளயா? எனக்குச் சத்தியம் பண்ணித் தந்திச்சே!"

"அவள் சொல்லல்ல. பல்கலைக்கழகத்தில சொன்னாங்க."

"பல்கலைக்கழகமா? என்ர நோய் அங்க என்னெண்டு தெரியும்? என்னகா கதைக்கிற நீ, பேய்க்கத!"

அக்கா ஆஸ்பத்திரியில் முடிவைக் கேட்டுவிட்டு வெளியே வந்தவுடன், அன்று எனக்குச் சோதனை என்பதையும் மறந்து, என் இலக்கத்தை அழுத்தியிருக்கிறார். மறுபடி மறுபடி அழுத்தியிருக்கிறார். நூலகத்தில் குளிர் தாங்காமல் சுவெட்டர் எடுக்க வந்த ஆரணி, குசினி மேசையில் வெளிச்சம் அடித்தடித்து மின்னுவதைக் கண்டு எடுத்திருக்கிறாள். பேசி முடிந்ததும் அந்த அழைப்புகளை என் தொலைபேசியிலிருந்து அழித்தும் விட்டாள். என் சோதனை முடிவு வரும்வரை சொல்லக்கூடாது என்று அக்கா கேட்டுக்கொண்டாராம்.

வீட்டுக்கு வந்தபோது ஆரணி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. ஆங்கிலத்தில் வெடித்தாள். "நீங்கள் என்னை நடத்திய விதம்! ஏதோ கள்ளன் மாதிரி. என் பையைத் திறந்து பார்த்தீர்கள், எனக்குத் தெரியும். எனக்குப் பையன் ஒருவனும் இல்லை. ஒருவனும் இல்லை!"

பக்கத்தில் உட்கார்ந்தேன். தள்ளி உட்கார்ந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், மெதுவாகத் தமிழில் கேட்டாள்.

"பெரியம்மா நல்லா அழுதா. தமிழ்ல அழுறவங்களுக்கு என்ன சொல்லுற எண்டு எனக்குத் தெரியல்ல. 'சரியாகும்' எண்டு சொன்னன். அது சரிதானே?"

"சரிதான்," என்றேன்.

6

நான் உடனே புறப்பட்டேன். ஆரணிக்குப் பள்ளிச் சோதனை இருந்ததால் ரவியோடு நின்றாள். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வேன் பிடித்து, விடியும் நேரத்தில் கல்லடிப் பாலத்தைத் தாண்டினேன். வாவியில் தோணிகள் கிடந்தன. எனக்கு ஒன்றும் கண்ணில் ஏறவில்லை.

அக்கா முன்பள்ளி ஆசிரியை. அன்று லீவு. முற்றம் கூட்டிக்கொண்டு நின்றவர் வேனிலிருந்து இறங்கும் என்னைக் கண்டார். நான் எதிர்பார்த்தது வேறு. அவர் முகம் அப்படியே இறங்கிப்போனது. ஈர்க்குமாறைச் சுவரில் சாத்தினார்.

"நீ என்னத்துக்கு வந்த?"

"உங்களப் பாக்க."

"டொக்டர்மார் என்ன சொன்னவங்க உனக்கு?"

"ஒண்டும் சொல்லல்ல அக்கா."

"ஒண்டும் சொல்லாமயா இவ்வளவு தூரம் வந்த?"

அக்காவிடம் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார் வந்தார்கள். பக்கத்து வளவிலிருந்து இளநீர் வந்தது. எல்லோரும் முதலில் என்னைப் பார்த்தார்கள். பிறகு அக்காவை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். முன்வீட்டுப் பெண் வாசல் தாண்டியதும் இன்னொருத்தியிடம் சொன்னது உள்ளே கேட்டது: "லண்டன்ல இருந்து தங்கச்சி ஓடி வந்திரிக்காள் எண்டா, பாத்துக்கவன்."

அக்காவுக்கும் கேட்டது. அன்று அவர் சோறு சாப்பிடவில்லை.

அறிக்கைகள் எல்லாவற்றையும் வாசித்தேன். கட்டி சின்னது. ஸ்கானில் அக்குள் பக்கம் பரவியதாக இல்லை. இதைவிட மோசமாக இருந்திருக்கலாம் என்று நான் படித்த அத்தனை படிப்பும் சொன்னது. ஆனாலும் அக்காவின் கணவரான அத்தானைத் தனியே கூப்பிட்டு, வேறு ஏதாவது அறிக்கையை ஒளித்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். அலுமாரியைத் திறந்து காட்டினார். அவரையும் முழுக்க நம்பவில்லை. இந்தக் குடும்பம் மறைக்கத் தெரிந்த குடும்பம்.

அக்காவோ என்னை நம்பவில்லை. நான் நல்லதைச் சொன்னால், "அப்ப என்னத்துக்கு வந்த?" என்பார். பேசாமல் இருந்தால், "பாத்தியா, வாய் வருகுதில்ல" என்பார். நான் பிட்டைப் பிசைந்து சாப்பிடும்போதுகூட என் முகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

சத்திரசிகிச்சை மருத்துவரிடம் இரண்டு பேரும் போனோம். பொறுமையான மனிதர். படம் கீறி, தமிழில், அக்காவுக்கு நேரே சொன்னார். ஒப்பரேசன், பிறகு மருந்து. நல்லாகிவிடும் வாய்ப்பு அதிகம். கிளம்பும்போது என்னைப் பார்த்து, இங்கிலாந்தில் என்ன படிக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நானும் ஆங்கிலத்தில் சொன்னேன். அவருக்கு அந்தத் தொழில் புதிது. கொஞ்சம் விளக்கினேன்.

வாசலுக்கு வந்ததும் அக்கா என் கையைப் பிடித்தார்.

"கடைசியில உனக்கு இங்கிலிசில என்ன சொன்னவர்?"

"என்ர படிப்பப் பத்திக் கேட்டவர்."

"என்ர நோயப் பாக்க வந்த இடத்தில உன்ர படிப்ப என்னத்துக்குக் கேக்க? பொய் சொல்லாதகா."

சத்தியம் செய்தேன். சத்தியத்தின் மதிப்பு அவருக்குத் தெரியும். சித்தப்பா விஷயத்தில் அவரும் செய்தவர்தானே.

7

ஒப்பரேசனுக்கு நாள் குறித்தார்கள். என் மறுசோதனை நாளும் அதே நாள். பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் பின்போடக் கேட்கலாம் என்றிருந்தேன். பின்போட்டால் அடுத்த பயிற்சிக் காலம் கைவிட்டுப்போகும், ஒரு வருடம் பின்தங்குவேன். போகட்டும் என்று முடிவெடுத்து, அதை அக்காவிடம் சொன்னேன். வீட்டின் பின்பக்கம் துணி காயப் போட்டுக்கொண்டு நின்றார்.

"உன்ர சோதனை எப்ப எண்ட?"

"அதே நாள்தான். பறவாயில்ல. நான் உங்களோட நிக்கிறன்."

துணிக் கிளிப்பை வாயிலிருந்து எடுத்தார். "நீ போ."

"அக்கா..."

"நீ நிண்டியெண்டா நான் சாகப்போறன் எண்டு அர்த்தம். ஊரும் அப்படித்தான் பாக்குது, நானும் அப்படித்தான் பாக்கிறன். நீ வந்த நேரத்தில இருந்து எனக்கு நித்திரையில்ல."

"கூட ஆள் வேணாமா? கண் முழிக்கக்குள்ள?"

"அத்தான் இரிக்காரு, மகன் இரிக்கான். நீ போய் உன்ர சோதனைய எழுது. எனக்கு ஒண்டுமில்ல எண்டு உண்மையா நீ நினைக்கிறவள் எண்டா, போ. நீ போனாத்தான் நான் நம்புவன்."

அத்தான் குறுக்கே வந்து ஏதோ சொல்லப் பார்த்தார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் உள்ளே போய்விட்டார்.

நான் அழுதேன். கோபமும் வந்தது. சத்திரசிகிச்சை மருத்துவர் சொன்னதை நம்பாத மனுசி, என் படிப்பை நம்பாத மனுசி, நான் விமானம் ஏறுவதை மட்டும் நம்புவாராம். ஆனால் அன்று பின்னேரமே, நான் பயணச்சீட்டை மாற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தபின், அக்கா இரண்டு தரம் போட்டுச் சோறு சாப்பிட்டார். அதையும் கண்ணால் பார்த்தேன்.

மறுசோதனை வளாக மண்டபத்தில் நடந்தது. மேற்பார்வையாளர் ஒருவர் எனக்காகவே உட்கார்ந்திருந்தார். எத்தனையாவது கேள்வியை எழுதும்போது அங்கே வெட்டுகிறார்கள், எத்தனையாவதில் தைக்கிறார்கள் என்று நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். பாஸ் பண்ணியதாகப் பிறகு முடிவு வந்தது. எப்படி எழுதினேன் என்று எனக்குத் தெரியாது.

முடிந்து வெளியே வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. ஒதுங்கி நிற்கவும் தோன்றாமல் அத்தானுக்கு எடுத்தேன்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. வார்டுக்குக் கொண்டுவந்திட்டாங்க," என்றார்.

"அக்காவக் காட்டுங்க."

"நித்திர மயக்கத்தில கிடக்கா. மறுகா கதைக்கலாம்."

"அத்தான், காட்டுங்க. நான் நம்பமாட்டன்."

படம் ஆடியது. கட்டில் கம்பி, வெள்ளைத் துணி, பிறகு அக்காவின் முகம். காதுத் தோடு கழற்றியிருந்தது. உதடு காய்ந்திருந்தது. அத்தான் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அக்கா கண்ணை அரைவாசி திறந்து, திரையில் என்னைத் தேடிப் பிடித்தார்.

"எங்க நிக்கிறாய்?"

"இங்கிலாந்தில அக்கா. சோதனை எழுதிப்போட்டு வாறன்."

"உண்மையா?"

கமராவைத் திருப்பினேன். செங்கல் கட்டிடங்கள், நனைந்த கார்கள், குடையோடு ஓடும் பிள்ளைகள், சாம்பல் நிற வானம். மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினேன். அந்தப்பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஓம்," என்றார் அக்கா. "அங்க மழ பெய்யுது."

கண்ணை மூடிக்கொண்டார். அத்தான் திரையை அணைக்க மறந்துவிட்டார். அக்கா தூங்குவதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நனைந்தபடி நின்றேன்.